கழுத்தில் மூச்சுத்துளை வைத்த பிள்ளை: பயப்படுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையிலோ கோயில் வாசலிலோ கழுத்தில் சிறு குழாய் வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தால் போதும், சுற்றி நிற்பவர்களிடையே பேச்சு எழுந்துவிடும். தொண்டையில் ஓட்டை போட்டுவிட்டார்கள், இனி அது பேசவே பேசாது என்பார் ஒருவர். டாக்டர்கள் கைவிட்ட பிறகுதான் இப்படிச் செய்வார்கள் என்பார் இன்னொருவர். அந்தக் குழாய் வழியாகத்தான் பால் ஊற்றுகிறார்கள் என்று மூன்றாமவர் உறுதியாகச் சொல்வார். மூன்றுமே தவறு.

இந்தப் பேச்சு தாயின் மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. பயந்தவர்கள் பிள்ளையைத் தொடமாட்டார்கள். தொடாதவர்கள் அதன் பராமரிப்பைக் கற்கமாட்டார்கள். யாரும் கற்காத ஊரில் அந்தத் தாய் இரவும் பகலும் ஒற்றை ஆளாக விழித்திருக்க வேண்டியதுதான். குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. குழாயின் வேலை என்ன, அது எப்படி அடைபடுகிறது, அடைபட்டால் என்ன செய்வது என்பவை தாய்க்கு மட்டும் தெரிந்தால் போதாது. பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரிய வேண்டும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கழுத்துக்குள் இரண்டு பாதைகள்

கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். கடினமான வளையங்கள் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். குருத்தெலும்பு வளையங்கள் அதைச் சுருங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன. அதன் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உணவுக்குழாய் இறங்குகிறது. மூச்சுக்குழாயின் உச்சியில் குரல்வளை இருக்கிறது. அதற்குள் இருக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகளுக்குக் குரல்நாண்கள் என்று பெயர். காற்று அவற்றைத் தட்டிச் செல்லும்போது பிறப்பதே நம் குரல்.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்சுவரில் அறுவை மருத்துவர் ஒரு சிறு துளை போடுகிறார். இந்த அறுவைக்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர். அந்தத் துளையை இனி மூச்சுத்துளை என்றே சொல்கிறேன். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க வளைந்த சிறு குழாய் ஒன்று உள்ளே வைக்கப்படுகிறது. குழாயின் இரு பக்கமும் சிறகுபோல் விரியும் தகட்டில் நாடாவைக் கோத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

இது மூச்சின் பாதை, உணவுக்கு இதில் வேலையே இல்லை. சில பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ தனியாக உணவு செலுத்தும் ஒரு குழாயும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விழுங்கும் திறன் நன்றாக இருந்தால், மூச்சுத்துளை வைத்த பிள்ளை வாயால் சோறும் பருப்பும் சாப்பிடலாம். ஆனால் முதலில் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். நாமாகப் பிசைந்து ஊட்டிப் பார்க்கக்கூடாது.

எதற்காக வைக்கிறார்கள்

காரணங்கள் பல என்றாலும் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது, மேல்வழி, அதாவது துளைக்கு மேலே வாய், மூக்கு வரையுள்ள மூச்சுப் பாதை, குறுகியிருப்பது. பிறவியிலேயே குரல்வளைக்குக் கீழே இடுங்கிய பாதை, அசையாத குரல்நாண்கள், மிகச் சிறிய கீழ்த்தாடை போன்றவை இதில் சேரும். இரண்டாவது, நீண்ட நாள் செயற்கைச் சுவாசம் தேவைப்படுவது. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முற்றாத குழந்தைகள் சிலர் மாதக்கணக்கில் வென்டிலேட்டர் என்ற சுவாச இயந்திரத்தை நம்பியிருக்கிறார்கள். மூன்றாவது, தசை அல்லது நரம்பு பலவீனத்தால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாத நிலை.

அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா நோய்தான் பெரிய காரணமாக இருந்தது. தொண்டையில் படலம் வளர்ந்து மூச்சை அடைத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆர்மன் துரூசோ என்ற மருத்துவர் இந்த அறுவையால் பல பிள்ளைகளைக் காப்பாற்றினார். பிறகு 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன் கழுத்தில் துளை போடச் செய்து, ரப்பர் பை ஒன்றைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளுக்குப் பை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வளர்ந்ததுதான். டாக்டர்கள் கைவிட்டால் செய்வது என்று சொல்பவர்களிடம் நான் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன். இது தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளைப் பிழைக்கவைக்கும் அறுவை.

மூக்கு செய்துவந்த வேலை

இங்கிருந்துதான் முக்கியமான பகுதி தொடங்குகிறது. நாம் இழுக்கும் காற்று மூக்கின் வளைந்த ஈரமான பாதையில் போகும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. தூசி வடிகட்டப்படுகிறது, காற்று சூடாகிறது, ஈரமாகிறது. நுரையீரலுக்குள் போய்ச் சேரும்போது அது உடம்பின் சூட்டில், அதாவது 37 டிகிரியில், ஈரம் நிறைந்து இருக்கும். மூச்சுத்துளை வைத்த பிள்ளைக்குக் காற்று மூக்கைத் தொடாமல் நேராக உள்ளே போகிறது. மூக்கு செய்த மூன்று வேலைகளையும் இப்போது நாம்தான் செய்ய வேண்டும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய குடும்பத்தாருக்கு இதை விளக்குவது எளிது. வெட்டிய கோட்டில் ஈரமாக வழியும் பால் தடையில்லாமல் மங்குக்குள் இறங்குகிறது. ஒழுகி முடிந்த பின் கோட்டில் தங்கிய அதே பால் காய்ந்து கோட்டுப்பாலாக ஒட்டிக்கொள்கிறது. அதை உரித்தெடுக்காமல் மறுநாள் வெட்ட முடியாது. செம்பனை சூழ வளர்ந்த இளையவர்கள் இதைத் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூச்சுக்குழாயின் சளியும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்வரை அது ஒரு காவல். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இடைவிடாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வறண்ட காற்று பட்டால் சளி தடித்துவிடுகிறது, நுண்மயிர்களால் அதைத் தள்ள முடிவதில்லை. அது குழாயின் உட்சுவரில் படிந்து, காய்ந்து, பொருக்காகிறது.

அதனால்தான் குழாயின் வாயில் சிறு மூடிபோன்ற ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதைச் செயற்கை மூக்கு என்று சொல்லலாம். பிள்ளை வெளியே விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. சளியில் நனைந்தால் அதுவே அடைப்பாகிவிடும், உடனே மாற்ற வேண்டும். இரவில் சிலருக்கு ஈரமூட்டும் கருவியைப் பொருத்தச் சொல்வார்கள். பிள்ளைக்குப் போதிய தண்ணீரும் பாலும் உள்ளே போவதும் சளியை இளக்கமாக வைத்திருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது

பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் சளி, குழந்தைக்கு ஏன் உயிர்ப்பிரச்சினை ஆகிறது? பச்சிளங்குழந்தையின் மூச்சுப் பாதையில் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம்தான். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடிமனில் சளியோ வீக்கமோ படிந்தால் மீதி 2 மில்லிமீட்டர். வழியின் பரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய பாதிப்பு ஒன்று இருக்கிறது. குறுகிய குழாய்களில் ஓட்டத்தை 1840களில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேயின் கணக்கின்படி, சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் கொடுக்கும் எதிர்ப்பு, அகலம் பாதியாகும்போது இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. அதே 1 மில்லிமீட்டர் படிவு 8 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரியவரின் வழியில் நேர்ந்தால் எதிர்ப்பு சுமார் மூன்று மடங்குதான் கூடும். அவர் இருமிக்கொண்டே வேலைக்குப் போவார். குழந்தையோ ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சை இழுத்துப் போராடும், சீக்கிரமே களைத்துவிடும்.

இதுவரை பார்த்ததைக் கோத்துச் சொன்னால்: காற்று மூக்கைத் தொடாமல் போவதால் சளி வறள்கிறது. பிள்ளையின் பாதை குறுகலானது என்பதால் சிறு படிவும் பெரிய அடைப்பாகிறது. இனி வரும் பராமரிப்பு முறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து பிறந்தவையே.

சளியை உறிஞ்சி எடுப்பது

மெல்லிய நெகிழ் குழல் ஒன்றை மூச்சுத்துளைக் குழாய்க்குள் விட்டு, உறிஞ்சும் இயந்திரத்தால் சளியை இழுத்தெடுப்பதை மருத்துவமனையில் சக்‌ஷன் என்பார்கள். பார்ப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும். பிள்ளை இருமும், முகம் சிவக்கும், கண்ணீர் வரும். பக்கத்தில் நிற்கும் பாட்டி, போதும் விடு என்று பதறுவார். பாட்டியின் பதற்றம் அன்பினால் வருவது, ஆனால் எடுக்க வேண்டிய சளியை எடுக்காமல் விடுவதுதான் பிள்ளைக்குத் துன்பம்.

எப்போது எடுப்பது? கடிகாரத்தைப் பார்த்து எடுப்பதைவிடப் பிள்ளையைப் பார்த்து எடுப்பதே சரி. குழாயில் கரகர சத்தம் கேட்டால், மூச்சு வேகமானால், பிள்ளை காரணமில்லாமல் அமைதியிழந்தால், மூக்கின் இதழ்கள் விரிந்தால், விலா எலும்புகளின் இடையில் தோல் உள்ளே இழுபட்டால் எடுக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டாலும் காலையில் எழுந்ததும் இரவில் படுக்கும் முன்பும் ஒருமுறை எடுப்பது, குழாய் திறந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ள உதவும்.

எவ்வளவு ஆழம் விடுவது? இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. குழல் மூச்சுத்துளைக் குழாயின் நுனிவரை போனால் போதும். தடை தட்டும்வரை தள்ளினால் அது மூச்சுக்குழாயின் மெல்லிய சுவரில் முட்டிப் புண்ணாக்கும். பிறகு இரத்தம் கசியும், அந்தப் புண்ணில் சதை வளர்ந்து பாதையையே மறைக்கவும் கூடும். ஆகவே கையிருப்பில் இருக்கும் அதே அளவுள்ள இன்னொரு குழாயில் அளந்து, எந்தக் குறிவரை விட வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைக்க வேண்டும். அந்த அளவை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் வீட்டில் யார் செய்தாலும் ஒரே ஆழம்தான்.

உள்ளே விட்டு, விரல்களுக்கிடையே குழலை உருட்டியபடி உறிஞ்சி வெளியே எடுப்பதற்கு 5 முதல் 10 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. உறிஞ்சும்போது சளியோடு காற்றும் வெளியேறுகிறது, அந்நேரம் பிள்ளைக்கு மூச்சு இல்லை. அடுத்த முறை விடுவதற்கு முன் நான்கைந்து மூச்சாவது வாங்கட்டும். கைகழுவுவது பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை, முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

சளியை எடுத்தபின் அதைப் பாருங்கள். வெள்ளையாக, இளக்கமாக இருந்தால் நல்லது. மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, நாற்றமெடுத்து, காய்ச்சலும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெட்டியாக இழுபட்டால் ஈரம் போதவில்லை. மெல்லிய இரத்தக் கோடு ஆழமாக விட்டதன் அடையாளமாக இருக்கலாம். சிவப்பாக இரத்தமே வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி இளகட்டும் என்று வழக்கமாக உப்புநீரைக் குழாய்க்குள் விடுவதை நிபுணர்கள் இப்போது ஊக்குவிப்பதில்லை. உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில்.

நாடாவும் குழாய் மாற்றமும்

குழந்தையின் கழுத்து குட்டையானது, தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடமே இருக்காது. தளர்வான நாடாவோடு ஒருமுறை வேகமாகத் திரும்பினால் குழாய் வெளியே வந்துவிடலாம். இறுக்கிக் கட்டினால் தோல் புண்ணாகும். பிள்ளையின் தலையைச் சற்று முன்னால் சாய்த்த நிலையில், நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவே சரியான இறுக்கம். பாலும் எச்சிலும் வியர்வையும் நாடாவில் ஊறிக் கழுத்து மடிப்பில் புண் வருவது நம் வெயிலில் மிகச் சாதாரணம். நாள்தோறும் துடைத்து, உலர்த்தி, நாடாவை மாற்ற வேண்டும்.

நாடா மாற்றுவதையும் குழாய் மாற்றுவதையும் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் பிள்ளையையும் குழாயையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் வேலையைச் செய்வார். முதல் குழாய் மாற்றத்தை மருத்துவமனையில் அறுவைக் குழுவே செய்யும். அதன்பின் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது குழாயின் வகையையும் பிள்ளையையும் பொறுத்தது, அதை மருத்துவர் சொல்வார்.

குழாய் அடைத்தால், கழன்றால்

வீட்டில் நேரும் பெரிய ஆபத்துகள் இரண்டுதான். குழாய் அடைவது ஒன்று, கழன்று வருவது மற்றொன்று. இரண்டிலும் நிமிடக்கணக்கில் நேரம் கிடையாது. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவரும், தோட்டத்துச் சாலையில் காரை விரட்டுபவரும் அந்த நேரத்தை இழக்கிறார்கள். முதல் உதவி படுக்கையருகில்தான் நடக்க வேண்டும். கீழே எழுதுவது செயல்முறையைப் புரிந்துகொள்வதற்காக. கை பழகுவது மருத்துவமனையில், தாதியரின் முன்னால், பொம்மையிலும் பிறகு பிள்ளையிலும் நடக்க வேண்டும்.

பிள்ளை திணறினால் முதலில் குரல் கொடுத்து ஆளை அழைக்கவும். செயற்கை மூக்கையோ, பேசுவதற்காகக் குழாயின் வாயில் மாட்டும் பேச்சு வால்வையோ குழாயிலிருந்து கழற்றவும். சளி எடுக்கும் குழலை விட்டுப் பார்க்கவும். குழல் தடையின்றிப் போய்ச் சளி வந்து மூச்சு சீரானால் நல்லது. குழல் உள்ளே இறங்கவில்லை என்றால் குழாய் அடைபட்டுவிட்டது என்று பொருள். அடைபட்ட குழாய் கழுத்தில் இருந்து பயனில்லை. பலருக்கு இந்த இடத்தில்தான் கை வராது, உயிர்க்குழாயை எப்படி உருவுவது என்று தயங்குவார்கள். நாடாவை வெட்டி, அதை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய குழாயை வைக்க வேண்டும். அது நுழையாவிட்டால் ஓர் அளவு சிறிய குழாயை வைக்க வேண்டும். தோள்களின் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் கழுத்து நிமிர்ந்து துளை தெளிவாகத் தெரியும். குழாய் தானாகக் கழன்று விழுந்தாலும் இதே வேலைதான். துளை சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

அதனால்தான் அவசரப் பை ஒன்று பிள்ளை போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். அதே அளவுக் குழாய், ஓர் அளவு சிறிய குழாய், நாடா, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சளி எடுக்கும் குழல்கள், எடுத்துச் செல்லக்கூடிய உறிஞ்சும் கருவி, நீரில் கரையும் வழவழப்புப் பசை, கையால் அமுக்கும் காற்றுப்பை ஆகியவை அதில் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று பையை விட்டுவிட்டுப் போவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் பிள்ளைக்கு மேல்வழி திறந்திருக்கிறதா? திறந்திருக்கும் பிள்ளைக்கு, குழாய் வைக்க முடியாத நெருக்கடியில், துளையை விரலால் மூடிக்கொண்டு வாய்-மூக்கு வழியாக மூச்சுக் கொடுக்கலாம். மேல்வழி அடைபட்ட பிள்ளைக்கு அது பயன்படாது, துளை வழியாகவே கொடுக்க வேண்டும். இந்தப் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். உதவிக்கு ஓடிவருபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நம் வீட்டுப் பழக்கங்கள்

அன்பினால் செய்யும் சில காரியங்கள் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. தலைக்குக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, முகத்திலும் கழுத்திலும் பவுடர் பூசுவது, திருநீறு இட்டு நெற்றியில் ஊதிவிடுவது எல்லாம் துகளையும் புகையையும் நேராக மூச்சுத்துளைக்குள் அனுப்பும். வடிகட்டுவதற்கு நடுவில் மூக்கு இல்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து இடுங்கள், ஊத வேண்டாம். கொசுவர்த்தியை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள். சிகரெட் பிடிப்பவர் வாசலுக்குப் போனால் போதாது, சட்டையிலும் கையிலும் அந்தப் புகை ஒட்டியிருக்கும்.

கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, தங்கச் சங்கிலி எதுவும் வேண்டாம். நாடாவில் சிக்கிக் குழாயை இழுத்துவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அரைஞாணில் கட்டுங்கள். மணிகள், சிறு விளையாட்டுப் பொருள்கள், உதிரும் ரோமமுள்ள பொம்மைகள் கைக்கு எட்டக்கூடாது. அண்ணன் அக்கா அன்பாகக் குழாய்க்குள் எதையாவது போட்டுப் பார்க்கும் வயதில் இருந்தால் தனியே விட்டுவிட்டு நகரவே கூடாது.

குளியல் உண்டு, ஆனால் இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் பிடித்துக்கொண்டு. தலைக்கு ஊற்றும்போது பின்னால் சாய்த்து, கழுத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரைக்கும் நீச்சல் குளத்துக்கும் கூட்டிப்போனால் நீருக்குள் இறக்கக்கூடாது. துளை நேராக நுரையீரலுக்குத் திறந்திருக்கிறது.

வீட்டுக்கு வெளியிலும் சில இருக்கின்றன. தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் நாளிலும், டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப்புகை அடிக்க ஆட்கள் வரும் மாலையிலும் பிள்ளையை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும். 2015இலும் 2019இலும் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது நமக்கு நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை என்று அறிவிக்கப்படுகிறது. மூக்கின் துணையில்லாத பிள்ளைக்கு அதற்கு முன்பே கதவையும் சன்னலையும் சாத்திவிடுவது நல்லது. இடிமழையில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. உறிஞ்சும் இயந்திரத்தின் மின்கலம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். காலாலோ கையாலோ இயக்கும் மாற்றுக் கருவி ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம் ஒரே கேள்விதான்: இந்தப் புகை, தூள், நீர், நூல் மூச்சுத்துளையை எட்டுமா? எட்டும் என்றால் விலக்குங்கள்.

சத்தமில்லாத அழுகை

காற்று குரல்நாண்களைத் தட்டாமலே துளை வழியாக வெளியேறிவிடுவதால் பல பிள்ளைகளுக்கு அழுகைச் சத்தம் கேட்காது. வாய் திறந்திருக்கும், கண்ணீர் வழியும், ஓசை இருக்காது. லயன் வீடுகளில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் சுவரைத் தாண்டிக் கேட்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் இரவில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள், கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் விழித்திருக்கவும் சொல்கிறார்கள்.

இனி பேசவே பேசாது என்ற பேச்சுக்கு வருகிறேன். குரல்நாண்கள் அங்கேயேதான் இருக்கின்றன. குழாயைச் சுற்றிச் சற்றே இடைவெளி இருந்தால் கொஞ்சம் காற்று மேலே போய்ச் சில பிள்ளைகள் தாமாகவே ஒலி எழுப்புவார்கள். மற்றவர்களுக்குப் பேச்சு வால்வு உதவலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது திறக்கும், வெளியே விடும்போது மூடிக்கொள்ளும். காற்று வேறு வழியின்றிக் குரல்நாண்களைத் தட்டி மேலே போகும். பரவலாகப் பயன்படும் இத்தகைய வால்வு ஒன்றை 1980களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் டேவிட் மியூர். அவரே தசைநலிவு நோயால் மூச்சுத்துளையோடு வாழ்ந்த இளைஞர்.

மேல்வழி திறந்திருந்தால்தான் இந்த வால்வைப் பொருத்தலாம். அடைபட்ட பிள்ளைக்குப் பொருத்தினால் இழுத்த மூச்சு வெளியே போக வழியில்லை. ஆகவே மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் யாரும் தாமாக வாங்கி மாட்டக்கூடாது. தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். குரல் வரும்வரை மொழி காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையிடம் பேசுங்கள், பாடுங்கள், சைகை கற்றுக்கொடுங்கள். பேசாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று உறவினர்கள் ஒதுங்கிப்போவதுதான் அதன் பேச்சு வளர்ச்சிக்குப் பெரிய தடை.

எப்போது எடுப்பார்கள்

வைத்ததற்கான காரணம் தீர்ந்தால் எடுத்துவிடலாம். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் வளர்ந்து வலுவாகும். குறுகிய பாதை அறுவையால் அகலப்படும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் நடக்கும், தசைநலிவு போன்ற நோய்களில் குழாய் நிலையாகவே இருக்கலாம். எடுக்கும் முன் மெல்லிய கேமராக் குழலால் பாதையைப் பார்ப்பார்கள். பிறகு சிறிய குழாயாக மாற்றி, அதன் வாயை மூடிப் பிள்ளை மேல்வழியாகவே மூச்சுவிடுகிறதா என்று கவனிப்பார்கள். இதெல்லாம் மருத்துவமனையில், இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக் கண்காணித்துச் செய்ய வேண்டியவை. குழாயை எடுத்தபின் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். நெடுநாள் இருந்த துளை மூடாவிட்டால் சிறு அறுவையால் மூடுவார்கள்.

யார் யார் பழக வேண்டும்

வீட்டில் வென்டிலேட்டரோடு வாழும் பிள்ளைகளுக்காக அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேராவது முழுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. வென்டிலேட்டர் இல்லாத பிள்ளைக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்வதுதான் நியாயம். நம் ஊரில் கணவர் செம்பனை ஆலையில் இரவு வேலைக்குப் போவார், பாட்டிக்குக் கண்பார்வை மங்கல், தாய்க்குக் காய்ச்சல் வந்தால் யாருமில்லை. எனவே மூன்றாவதாகப் பக்கத்து வீட்டிலோ அடுத்த லயத்திலோ ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் முன் அவரையும் அழைத்துச் சென்று, தாதியர் முன்னால் சளி எடுக்கவும் குழாய் மாற்றவும் பழகவைக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.

தொலைபேசி பேசுவதையும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். பயிற்சி பெற்றவர் பிள்ளையைக் கவனிக்க, இன்னொருவர் 999ஐ அழைக்க வேண்டும். எடுப்பவரிடம் முதல் வாக்கியமாக, அனாக் சாயா அடா தியூப் திராகியோஸ்தோமி டி லெஹெர், சூசா பெர்னாபாஸ் என்று மலாயில் சொன்னால் கழுத்தில் மூச்சுத்துளைக் குழாய் இருப்பதும் மூச்சுத் திணறுவதும் உடனே புரியும். தோட்டத்து முகவரிகள் வரைபடத்தில் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், கோயில் எந்தப் பக்கம், ஆலை நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது லயம் என்பதை எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள். இரவில் ஆம்புலன்ஸ் வரும்போது முச்சந்தியில் டார்ச் விளக்கோடு போய் நிற்கப்போவது யார் என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.